தாய் மீதான பழியைத் துடைத்த ஏழுமலை அண்ணன்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வண்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியிலிருந்து வந்து நின்ற வண்டியின் நடத்துநர் இறங்காமலே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். "சேகரு, ஏழுமலை அண்ணன் போய்ட்டாருப்பா. விடியக்காலையில. பாண்டி ஆஸ்பத்திரியில." மஞ்சள் காமாலை என்று படுத்திருந்தவர் தேறி வருகிறார் என்றுதான் முன்தினம் வரை கேள்விப்பட்டிருந்தேன். அன்று விழுப்புரம் போய்ச் சேரும்வரை யாருக்கு என்ன டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன் என்று நினைவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களில் பலர் அவரை விழுப்புரத்து நேரக் காப்பாளராக மட்டுமே அறிந்திருப்பார்கள். அதற்கு முன் அவர் ஓட்டுநர். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தபோது, விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடிய தனியார் பேருந்தில் என்னை அவரோடுதான் போட்டார்கள். அவருடையது கோலியனூரில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். நல்ல உயரம். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் எனக்குச் சொன்னது இதுதான்: "ஏறுனவங்க உக்காந்தாங்களான்னு பாத்துட்டு விசில் குடு. ஜல்தி பண்ணாத. ரோடு எங்கயும் ஓடிப் போவாது."

ஒருமுறை எங்களுடன் வேலை பார்த்தவரின் தங்கை திருமணம் திண்டிவனத்தில் நடந்தது. கடைசி நடை முடித்துவிட்டு இருவரும் போனோம். இனிப்பும் சோறுமாக நிறைவான விருந்து. அன்று முழுவதும் ஓட்டிய களைப்பு வேறு. அண்ணன் பந்தியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து வண்டியின் பின் சீட்டிலேயே படுத்துவிட்டார்.

விடிகிற நேரத்தில் என் பெயர் கேட்டு விழித்தேன்.

"சேகரு, கை வரல. காலும் வரல."

முதலில் விளையாட்டு என்றே நினைத்தேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் அது அப்படியே சீட்டில் விழுந்தது. கண் அசைந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஷெட்டிலிருந்து வந்த ஒருவர், "ராத்திரி கல்யாண வீட்டுல ஊத்திக்கினு வந்திருப்பாரு" என்றார். இன்னொருவர் காத்து கருப்பு என்றார். அண்ணன் குடித்து நான் பார்த்ததே இல்லை. அவர் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்: "எங்கப்பா இப்டிதான் படுத்தாரு. எழுந்திரிக்கவே இல்ல."

பஸ்ஸை எடுக்க வேறு ஓட்டுநர் இல்லாததால் மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பணியில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. நாடி பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார், பிறகு, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சொன்னதும் அவர் முகத்தில் ஒரு கவனம் வந்தது. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஒரு மருந்தைத் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார். உப்புக் கரிக்கும் மருந்து. அண்ணன் முகம் சுளித்தார். மதியம் விரல்கள் அசைந்தன. சாயங்காலம் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னது எனக்கு இன்றும் பாடம். உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு. அதில் வாசல்கள் உண்டு. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அவை பார்த்துக்கொள்கின்றன. சோடியத்தை வெளியே தள்ளுவதும் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பதும் ஓயாமல் நடக்கிற வேலை. அந்த அளவு சரியாக நின்றால்தான் தசை நாம் சொன்னதைக் கேட்கும். இனிப்பும் சோறும் நிறையச் சாப்பிட்டால் சர்க்கரை செல்லுக்குள் போகும்போது பொட்டாசியமும் உள்ளே இழுக்கப்படும். மற்றவர்களுக்கு அது தானே சமனாகிவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாசல்களில் ஒரு கோளாறு. ரத்தத்தில் இருப்பது அளவுக்கு மீறி உள்ளே போய்விடும். தசைகள் செயலற்றுப் போகும்.

"உங்க உடம்புலேர்ந்து எதுவும் காணாம போகலை, ஏழுமலை. இடம் மாறிடுச்சு, அவ்வளவுதான்" என்றார்.

தன் அப்பாவும் இப்படித்தான் படுத்தார் என்று சொல்லிவிட்டு அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, "இது அப்பாகிட்டேர்ந்து வருமாங்க?"

"வரும். உங்கப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனா நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா அவருக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும்."

அந்தப் பெரிய மனிதர் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். பிழைத்துக்கொண்ட மனிதர் ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது, பொங்கலுக்கு மறுநாள் காலையில் அவருடைய தந்தையார் கை கால் வராமல் கிடந்து, பேச்சு குழறி, மூச்சு திணறி இறந்திருக்கிறார். முந்தின நாள் சமைத்துப் போட்டவர் தாயார் குப்பம்மாள். "சோத்துல மருந்து வெச்சுக் கொன்னுட்டா" என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். அன்றுமுதல் அந்த வகையறாவில் ஒருவரும் அந்த அம்மாள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. விசேஷ வீடுகளில் அடுப்பங்கரைப் பக்கம் விட்டதில்லை.

ஊருக்குப் போவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் பயமில்லை என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் முதலாளியிடம் போய் வண்டிச் சாவியை வைத்துவிட்டார். முதலாளி தடுத்துப் பார்த்தார். "எனக்கு வந்தா நான் ஒருத்தன் படுத்துக்குவேன். ஒரு வண்டி ஜனத்தை ஏத்திக்கினு படுக்க முடியாதுங்க" என்றார். அப்படித்தான் அவர் நேரக் காப்பாளர் ஆனார், சம்பளம் குறைந்தது. ஸ்டியரிங்கைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்து வந்த காதுகுத்துக்குக் கோலியனூரில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். என்னையும் அழைத்துப் போயிருந்தார். பந்தி தொடங்குமுன் எழுந்து நின்று, டாக்டரம்மா சொன்னதை அவருக்குத் தெரிந்த பேச்சில் சொன்னார். அவருடைய சித்தப்பா குறுக்கிட்டார்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாங்க. அன்னிக்கு நடந்தது உனக்கு இன்னா தெரியும்? நீ சின்னப்புள்ள."

"எனக்கும் அதேதான சித்தப்பா வந்துச்சு? கல்யாணப் பந்தியில சாப்ட்டேன், காலையில கை கால் வுழுந்துச்சு. எனக்கு யாரு மருந்து வெச்சாங்க? பந்தி போட்டவங்களா? சொல்லுங்க."

தூணோரம் நின்றிருந்த குப்பம்மாள் வாய் திறந்தார். அவர் கேட்டது நாங்கள் யாரும் எதிர்பாராத கேள்வி.

"ஏண்டா, அப்டி கெடக்க சொல்ல உனுக்கு நெனப்பு இருந்துச்சா?"

அண்ணன் தயங்கினார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இருந்துச்சும்மா. எல்லாம் காதுல வுழுந்துச்சு."

"அப்ப அவுருக்கும் கேட்டிருக்கும். இவங்க என்னெச் சொன்னதெல்லாம் கேட்டிருக்கும்." தூணைப் பற்றிக்கொண்டு, "நான் இல்ல, நான் இல்லன்னு காலப் புடிச்சிக்கினு அழுதனே, அதுவும் கேட்டிருக்கும்" என்றார்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மனைவி மட்டும் இலையில் உட்கார்ந்து, "அக்கா, எனக்கு நீ வந்து போடு" என்றார். அன்று குப்பம்மாள் பரிமாறிய சாம்பாரை முதலில் இரண்டு பேர் வாங்கினார்கள், பிறகு நாலு பேர் வாங்கினார்கள். வாங்காமல் இலையை மடித்தவர்களும் இருந்தார்கள். வீடு திரும்பும்போது அண்ணன் சொன்னார்: "எல்லாரும் மாறணும்னு நான் போவல சேகரு. அம்மா காதுல அது வுழணும்னு போனேன்."

அதன்பிறகு சில ஆண்டுகள்தான் இருந்தார். இப்போது அவரைக் கொண்டுபோனது வேறு நோய். பழைய நோயோடு சேர்த்து யாரும் கதை கட்ட வேண்டாம் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

கோலியனூரில் சாலையோரமாக அவரை எடுத்துக்கொண்டு போனோம். எதிரே பாண்டிச்சேரிக்குப் போகிற வண்டிகளும், பின்னால் விழுப்புரம் போகிற வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வேகத்தைக் குறைத்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை. முதலில் ஒரு ஓட்டுநர் அண்ணனுக்கு மரியாதையாக விளக்கைப் போட்டார், அதைப் பார்த்து அடுத்தவர் போட்டார். கொளுத்தும் வெயிலில், சாலை நெடுக முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

போய் வாருங்கள், அண்ணா.