துறைக்குப் பெண் பார்த்த கதை

இருபத்தாறு வருஷமாக ஒப்பிலக்கியமும் உலக இலக்கியமும் சொல்லிக் கொடுக்கிறேன். அது என்ன படிப்பு என்று ஆவூரில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு இன்னும் விளங்கியபாடில்லை. "ரெண்டு நாட்டுக் கதையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்குறது" என்று ஒருமுறை என் பெரியப்பாவிடம் சொன்னேன். "பாத்து?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதிலாக நானூறு பக்கத்தில் ஆய்வேடு எழுதி முனைவர் பட்டமே வாங்கியிருக்கிறேன், ஆனால் அவர் காதில் போட ஒரு வரி அகப்படவில்லை. பக்கத்து வீட்டம்மாதான் எனக்காகப் பரிந்து பேசினார். "ரெண்டு சாதகத்தை வெச்சுப் பொருத்தம் பாக்குற மாதிரி, அப்படித்தானே?" அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்தேன்.

சொன்ன வாய்க்குப் பலன் கிடைக்காமல் போகவில்லை.

எங்களுடையது தனியார் கல்லூரி. கோடை வந்தால் எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்கெல்லாம் இன்னொரு வேலை உண்டு, பிள்ளை பிடிக்கிற வேலை. கையில் நோட்டீஸ் கட்டோடு ஊர் ஊராகப் போய், 'உங்க வீட்டுல பன்னெண்டு முடிச்ச புள்ளை இருக்கா, டிகிரி முடிச்ச புள்ளை இருக்கா' என்று கும்பிடு போட்டு விசாரிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்பவர்களாவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறார்கள். நாங்கள் வருஷா வருஷம். இலுப்பூரில் ஓர் உரக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "மேடம் வந்துட்டாங்கடா, மழை வரும்" என்று சொல்கிற அளவுக்கு நான் பிரபலம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு அரிசி ஆலையும் இருக்கிறது, பேச்சும் ஆலைப் பேச்சுதான். "மேடம், திங்கட்கெழம சாயங்காலத்துக்குள்ள உங்க எம்.ஏ.க்குப் பத்து அட்மிஷன் வேணும். ஒன்பதுன்னா ஷட்டரை எறக்கிருவேன்." எறக்கினால் நான் எங்கே போவது என்று கேட்டேன். அதே வளாகத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரிக்குப் போய், நேர்முகத் தேர்வில் எப்படிக் கைகுலுக்குவது என்று சொல்லித்தர வேண்டுமாம். இத்தனை வருஷம் எத்தனையோ தேசத்து ராஜாக்களையும் ராணிகளையும் கட்டி மேய்த்தவள், கடைசியில் கைகுலுக்கவா?

சனிக்கிழமை வரைக்கும் நாயாக அலைந்து ஒன்பது பேரைப் பிடித்தேன். பத்தாவது ஆளைக் காணோம்.

அன்று மத்தியானம் ஒரு போன். எங்களிடமே பி.ஏ. முடித்த பெண், குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊர். கெட்டிக்காரி. இரண்டு நாட்டு ராணிகளின் கதையை ஒப்பிடு என்று கேட்டதற்கு, 'ரெண்டு பேருக்கும் மாமியார் ஒண்ணுதான், ஊர்தான் வேற' என்று பரீட்சையில் எழுதி, என்னைத் தனியாக உட்கார்ந்து சிரிக்க வைத்தவள். "மேடம், எனக்கு எம்.ஏ. சேரணும். அப்பாகிட்ட நீங்கதான் வந்து பேசணும். நாளைக்குப் பத்தரைக்கு வாங்க. சரியாப் பத்தரை. வெறுங்கையோட மட்டும் வந்துறாதீங்க, எங்க அம்மா ஒரு மாதிரி."

கரும்பு தின்னக் கூலியா? ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்த கையோடு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கிலோ ஆப்பிள். பூக்காரம்மா கெஞ்சவே நாலு முழம் மல்லிகைப் பூவும் வாங்கிக்கொண்டேன். பட்டுச் சேலை வேறு கட்டியிருந்தேன். பூசைக்கு நான் அப்படித்தான் போவேன்.

வாசலில் பெரிய கோலம். அந்தப் பெண்ணின் அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! மத்தவங்கெல்லாம் வேன்ல வாராங்களா? வெயில்ல தனியா வந்திருக்கீங்களே!" உட்கார வைத்தார், விசிறினார், தட்டு நிறையக் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை பிடிக்கப் போன இடத்தில் தண்ணீர் கிடைப்பதே பெரிய விஷயம். அடடா, கல்விக்கு என்ன மரியாதை என்று பூரித்துப்போய், பாதிக் கேசரியைத் தின்றுவிட்டுத்தான் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மா நோட்டீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "நீங்க... மாப்பிள்ளை வீடு இல்லையா?"

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அன்று அவர்கள் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவில் வந்திருக்கிறான். பழமும் பூவுமாகப் பட்டுச் சேலையில் வந்த என்னை, முன்னால் வந்து நோட்டம் பார்க்கிற மாப்பிள்ளையின் சொந்தக்காரி என்று நினைத்துவிட்டார்கள். நான் பதறிப்போய் எழுந்தேன். அதற்குள் வாசலில் வேன் ஹாரன்.

"எதுக்க போயிறாதீங்க!" என்று அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நல்ல காரியத்துக்கு வருகிறவர்களுக்கு எதிரே, வெறும் நெற்றியோடு ஒருத்தி போனால் சகுனம் என்ன ஆகும்! எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் வழக்கம் கிடையாது. கோபம் வந்தது. ஆனால் தின்ற கேசரி கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்து பாயில் அமர்ந்தார்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். "இவங்க யாரு?"

'பெண்ணை மேலே படிக்க வைக்கக் கூப்பிட வந்த டீச்சர்' என்று எப்படிச் சொல்வது? பெண்ணின் அப்பா பேசாத மனிதர், நான் வந்ததிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் சுவரோரமாக நின்றதோடு சரி. அவர் வேட்டி நுனியைப் பார்த்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். ஐயோ பாவம், நம்மால்தானே என்று நான் வாயைத் திறந்தேன்.

"நான் பொண்ணுக்கு அத்தை."

சித்தி என்றிருக்கலாம். பெரியம்மா என்றிருக்கலாம். உலகத்தில் உள்ள உறவுமுறையை எல்லாம் வகுப்பில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பவளுக்கு அந்த நேரத்தில் வந்த வார்த்தை அது. நாக்கில் சனி.

"அத்தைக்கு எந்த ஊரு?"

"ஆவூருங்க."

மாப்பிள்ளை அம்மாவின் பார்வை என் நெற்றியில் நின்றது. அப்புறம் கழுத்துக்கு இறங்கியது. சங்கிலியில் சிலுவை டாலர். "வேதக்காரங்களா? உங்க வீட்டுல பொறந்தவங்க எப்படி..."

தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க அக்காதாங்க. ஆவூர்ப் பையனைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு எங்கய்யா அருவாளைத் தூக்கிட்டாரு. நான்தான் சைக்கிள்ல வெச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கேரியர்ல ஒக்காந்து வழி நெடுக அழுதுச்சு. இருபத்தஞ்சு வருசம் பேச்சுவார்த்தை இல்லை. போன தீவாளிக்குத்தான் ராசியானோம்."

எனக்குப் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பாயாசத்தோடு நடந்தது. அப்படிப்பட்ட எனக்கே, நான் ஓடிப்போன கதையைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷம் எத்தனையோ நாட்டுக் கதைகளை நடத்தியிருக்கிறேன். அந்த மனிதர் நின்ற நிலையில் கட்டியதைப் போல ஒன்றை நான் பாடத்திட்டத்தில் பார்த்ததில்லை. சைக்கிள் கேரியர் எங்கிருந்து வந்தது அவருக்கு?

காபித் தட்டோடு பெண் வந்தாள். என்னைப் பார்த்தும் அவள் துளிகூட ஆச்சரியப்படவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. "படிச்சதெல்லாம் போதும். ஆவணியில வெச்சுக்கலாம்" என்றார். பெண் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள்.

வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன? "ரெண்டு வருசம் போகட்டுங்க. எம்.ஏ. முடிக்கட்டும்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அத்தைக்கு மகன் இருக்கானா?"

"இருக்கான். பெங்களூர்ல வேலை."

"கல்யாணம்?"

"இன்னும் ஆகலை." பூசைக்குப் போய்வந்த வாயால் எத்தனை பொய்தான் சொல்வது என்று, உண்மையைச் சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று அவர் தொடையில் தட்டினார். "முறைப்பையனை வீட்டுல வெச்சுக்கிட்டு எங்களை எதுக்கு வரச் சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு அத்தை என்ற உறவின் மகிமை உறைத்தது. இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். பெண்ணின் அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, ஆவணியிலயே வெச்சுக்கலாம்" என்று முன்னால் வந்தார். அப்பா குறுக்கே ஒரே வார்த்தை சொன்னார். "அக்கா சொன்னா சொன்னதுதான்."

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போனார்கள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்த சரித்திரம் எங்கள் ஜில்லாவில் இல்லை. வேன் கிளம்பியதும் பெண்ணின் அம்மா என் முன்னால் நின்று அழுதார். "வந்தீங்க, தின்னீங்க, கெடுத்துட்டீங்க."

என் துறையைக் காப்பாற்றப் போய் ஒரு குடும்பத்து நல்ல காரியத்தில் மண்ணைப் போட்டுவிட்டேன். திரும்பி வரும்போது ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி அழுதேன். வீட்டில் என் கணவர், "பூசையில என்ன பிரசங்கம், இப்படி அழுதிருக்கே?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஏழரைக்கே துறையில் போய் உட்கார்ந்தேன். எட்டு. எட்டரை. அப்பாவும் மகளும் வருவார்கள் என்று நினைக்கவும் வெட்கமாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஒன்பதுக்கு, கைகுலுக்குகிற பாடத்துக்கு நோட்ஸ் எடுக்கலாம் என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தேதி போட்டேன். ஒன்பது ஐந்துக்கு அதே வெள்ளைச் சட்டையில் அவர் வந்தார், பின்னால் மகள், கையில் சான்றிதழ் கவர். ஏழேமுக்காலிலிருந்து கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருக்கிறார்கள். "ராகுகாலம் முடியட்டும்னுதான், அக்கா" என்றார். என் உயிர் போய்த் திரும்பி வந்தது அவருக்கு எங்கே தெரியும்?

அவள் படிவம் எழுதும்போது அவரிடம் கேட்டேன், ஏன் என்னை அக்கா என்று சொன்னீர்கள் என்று. வேட்டி நுனியைப் பார்த்தபடி சொன்னார். "படிக்க வைக்கணும்னு எனக்கு ஆசைங்க. நான் சொன்னா எங்க வீட்டுல எடுபடாது. பொறந்த பொண்ணு வந்து சொன்னா யாரும் தட்டமாட்டாங்க. எனக்குக் கூடப்பொறப்பு இல்லை. நீங்க வந்து ஒக்காந்திருந்தீங்க."

நான் அவர் மகளைப் பார்த்தேன். சரியாகப் பத்தரைக்கு வரச் சொன்னது யார்? அவள் குனிந்து, அழகான கையெழுத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வகுப்பில் மேடம் என்றாள், வெளியில் அத்தை என்றாள். போன மாதம் எம்.ஏ. முடித்துவிட்டாள். அவளுடைய அம்மா மட்டும் இந்த இரண்டு வருஷமும் என்னோடு பேசவில்லை. நேற்று அவரே போன் செய்தார்.

"மதினி, ஞாயித்துக்கெழம பத்தரைக்குப் பொண்ணு பாக்க வாராங்க. அத்தை இல்லாம எப்படி? வந்துருங்க."

நாத்தனாரைக் கூப்பிடும் மதினி என்ற அந்தச் சொல்லுக்கு அப்புறம் எனக்கு எதுவும் காதில் சரியாக விழவில்லை. வருகிறேன், வருகிறேன் என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு. வாங்க, ஒக்காருங்க, கேசரி சாப்புடுங்க. வாயை மட்டும் தொறக்கக் கூடாது."

சத்தியம் செய்தேன். போனை வைப்பதற்கு முன், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று மட்டும் கேட்டுவைத்தேன். பி.ஏ. ஆங்கிலமாம். எனக்கு இந்த வருஷமும் ஒன்பது பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள்.