கொடியும் கருவாடும்

அடிக்கோலை மேசைமேல் நிறுத்தி, பதினொரு நாட்டுக் கொடிகளையும் ஒவ்வொன்றாக அளக்கிறாள் மரிலூ. "ஒண்ணு அரை விரல் ஒசந்துட்டாப் போதும், பக்கத்து நாட்டுக்காரரு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அப்புறம் குண்டு வைக்கிறவன யாரு புடிக்கிறதாம்?"

சம்போவாங்கா நகரத்தில், பயங்கரவாதத்துக்கு எதிரான பன்னாட்டுக் காவல் ஒத்துழைப்புப் பிரிவில் இருபத்திரண்டு வருட எழுத்தர். மாநாட்டுக்கு மாநாடு வந்து குவிந்த நினைவுக் கேடயங்களில் ஒன்று கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. இன்னொன்று அவளுடைய சோற்றுப் பாத்திரத்துக்கு மூடி. எல்லா மாநாட்டிலும் 'மின்னல் வேகத் தகவல் பரிமாற்றம்' பற்றி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சின் பிரதி கடலுக்கு அக்கரை நாட்டுக்குப் போய்ச்சேர மட்டும் ஆறு வாரம் ஆகும்.

மரிலூவின் வழி வேறு. ஊர் திரும்பும் அதிகாரி யாராவது ஒருவரின் பெட்டியில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைச் செருகிவிடுவாள். அக்கரை அலுவலகத்து எழுத்தர் ரோஸ்னா முதல் மணியிலேயே போனை எடுப்பது அதனால்தான்.

இன்று காலை ரோஸ்னாவே கூப்பிட்டாள். "அக்கா, உங்க ஊரு தச்சன் ஜும்தாயில் இங்க உள்ள கெடக்கான்ல? குண்டு கேசுல தேடுற ஆளுக்கும் அதே பேரு, அதான் வென. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள உங்க கடுதாசி வரலைன்னா ரெண்டு வருசம் வெளிய விடமாட்டாங்க."

'கைரேகை பொருந்தவில்லை' என்ற அந்தக் கடிதம் பத்தொன்பது நாளாக இயக்குநர் மேசையில் கிடக்கிறது. ஜும்தாயிலின் மனைவி நூர்மினாவும் பத்தொன்பது நாளாகக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், ஒரே ஒரு கையெழுத்து."

"வேகம் வேற, அவசரம் வேற மரிலூ. மாநாடு முடியட்டும். கொடியெல்லாம் நேரா இருக்கான்னு பாரு."

மூன்று மணிக்குப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் விழா. இயக்குநர் முன் நீலத் தோல் கோப்பை விரித்து வைத்தவள் மரிலூ. கேமராக்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தபடி, குனிந்துகூடப் பார்க்காமல் போட்டார் கையெழுத்தை. பதினொரு நாடும் எழுந்து நின்று கைதட்டியது.

"மை காயணும் சார்" என்று கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கடிதம் தொலைநகலில் ரோஸ்னா கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாலேகாலுக்கு மரிலூ கீழே இறங்கி வந்தாள். "எந்திரிம்மா. அவன விடறாங்களாம். அழுவாம வீட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்புடு."

மேலே வந்து இழுப்பறையைத் திறந்தாள். கையெழுத்தாகாத ஒப்பந்தம் உள்ளேயே இருந்தது. நல்ல கெட்டித் தாள். வாடை வெளியே வராதபடி கருவாட்டை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் போட்டு இறுக்கிக் கட்டினாள்.