சந்தனம் வைத்த கோட்டை

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஆடிப் பார்த்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் முக்கால்வாசி எனக்கு ஒத்துவரவில்லை. கார் ஓட்டினால் முதல் வளைவிலேயே மரத்தில் மோதுவேன். மேலிருந்து கட்டை விழும் ஆட்டம் இன்னும் மோசம். அடுக்க அடுக்க விழுந்துகொண்டே இருக்கும், வீட்டு வேலை மாதிரி. பிடித்தது கோட்டை ஆட்டம் ஒன்றுதான். நாம் யோசித்துப் படையை நகர்த்தும் வரை எதிரி காத்திருப்பான். மரியாதை தெரிந்த எதிரி.

அது என் மதினியின் ஆட்டம். அண்ணனும் மதினியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார்கள். ராஜபாளையத்தில் மில் ஆபீசில் இருந்த நான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறிவிடுவேன். மதினி ஆடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே யோசனை சொல்வேன். அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டால், "செத்த இருங்க, இந்தப் படையை மட்டும் ஆத்தைத் தாண்ட வச்சிட்டு வாரேன்" என்பார் மதினி. ரசம் ஆறிப்போகும். பொம்மைகளுக்குச் சண்டை மூட்டிவிட ஒரு பட்டதாரி வேண்டுமா என்று அண்ணன் முணுமுணுப்பார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை வரும்போது எதிரிக்கு மிச்சம் ஒரே ஒரு கோட்டை. விஜயதசமி காலையில் பிடித்தால் நல்லது என்று மதினி அதைத் தொடாமல் விட்டார். அதுவரை ஆடியதை ஃப்ளாப்பியில் பதிந்து, அதையும் பூஜையில் வைத்தார். மாதக்கணக்கான உழைப்பு, வேறு பிரதி கிடையாது.

சந்தனம் குங்குமம் வைப்பது அண்ணன் பொறுப்பு. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், உட்காரும் ஸ்டூல் எதையும் அவர் விடவில்லை.

மறுநாள் காலையில் ஃப்ளாப்பியைச் செருகினோம். டிரைவ் கரகரவென்று இழுத்தது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. வெளியே எடுத்து ஓரத்து இரும்புத் தகட்டை விலக்கிப் பார்த்தால், உள்ளே கறுப்புத் தட்டின் மேல் பாந்தமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"மேல இருக்கது வெறும் உறைதான. உள்ள இருக்கதுக்குல்லா வைக்கணும்" என்றார் அண்ணன்.

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்றைக்கு எதைத் தொடங்கினாலும் விளங்கும், புதிதாக ஆரம்பிக்கலாம் என்று சமாதானம் சொன்னார்.

"அப்ப நீங்களே ஆரம்பிங்க" என்று மதினி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதல் ஆட்டத்தில் அண்ணன் படை முழுவதையும் வெளியே அனுப்பிவிட்டுக் கோட்டையைப் பறிகொடுத்தார். அடுத்ததில் கஜானாவைக் காலி செய்தார். அதற்கடுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். எங்கள் யோசனை எதையும் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் மதினி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

"செத்த இரு. இந்தப் படையை மட்டும் ஆத்தைத் தாண்ட வச்சிட்டு வாரேன்" என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மதினி என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

"நாம சாப்பிடுவோம் தம்பி. அவிய ரசம் ஆறட்டும்."