மூன்று பவுண்டு போதும்

பிப்ரவரி 3. மின்சாரப் பெட்ரோல் பம்பு: 1,450.
பிப்ரவரி 11. கார்புரேட்டருக்கு வாஷர், ஊசி வால்வு: 620.
பிப்ரவரி 26. ஸ்பார்க் பிளக் நான்கு: 480.
மார்ச் 9. மறுபடியும் பிளக் நான்கு: 480.
மார்ச் 17. மலையடியிலிருந்து காரைக் கட்டி இழுத்து வந்த கூலி: 900.

இவ்வளவும் ஒரே ஒரு பயணத்துக்காக. பயணம் மட்டும் நடந்தபாடில்லை.

குடிநீர் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் குழாய்களின் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து ஓய்வு பெற்றவர் அவர். பத்து என்று சொல்ல மாட்டார். பத்து புள்ளி பூஜ்யம் என்பார். அதனால் அங்கே அவருக்குத் ‘தசமம்’ என்று பெயர். மனைவி போன பிறகு வீட்டில் அவரும் வாசலில் அந்தப் பழைய காரும்தான். ‘டேய்’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா. அவளுக்குக் காது மந்தம். போன் உதவாது, கடிதம்தான்.

ஜனவரிக் கடைசியில் எழுதியிருந்தாள்: “மார்ச் முடியறப்போ மகன் என்னை அவன்கூட வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறான்டா. திரும்பி வருவேன்னு தோணலை. அதுக்குள்ள வந்து முகத்தைக் காட்டு. பஸ்லயே வா, உன் ஓட்டை வண்டியை நம்பாதே.”

ஓட்டை வண்டி என்ற சொல் அவரைச் சுட்டது. கார் வாங்கியபோது, “முதல் சவாரி உனக்குத்தான்க்கா” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அத்தானின் நோய், மனைவியின் நோய் என்று அது தள்ளிக்கொண்டே போய்விட்டது. இந்தத் தடவை அவள் வாசலில் காரை நிறுத்தி, அந்தக் காதுக்கும் கேட்கிற மாதிரி ஹாரன் அடிப்பது என்று முடிவு செய்தார்.

காரின் பழைய பெட்ரோல் பம்பின் உள்ளே இருந்த சவ்வு கிழிந்திருந்தது. கடையில் இரண்டு மின்சாரப் பம்புகளைக் காட்டினார்கள்: ஒன்று மெதுவாகத் தள்ளும், மற்றது வேகமாக. தசமம் யோசிக்கவே இல்லை. தண்ணீர் வேகமாக வருகிறது என்று முப்பத்தோரு வருடத்தில் ஒருவர்கூடப் புகார் கொடுத்ததில்லை. வந்த புகாரெல்லாம் வேகம் போதவில்லை என்றுதான். வேகமானதையே வாங்கினார்.

அன்று பிடித்தது சனி. சாலையில் ஓடும், நிறுத்தினால் கரும்புகை, பெட்ரோல் வாடை. பிளக்குகள் அடுப்புக்கரி போலக் கறுத்தன. பெட்ரோல் கலவையைக் குறைக்கத் திருகாணியைக் கால் சுற்று திருப்பினார், மறுபடியும் கால் சுற்று. பெட்ரோல் பாயும் துளையான ஜெட்டையும், பழையதைக் கடையில் கொடுத்து, சின்னதாக மாற்றினார். புகை குறைந்தது. ஆனால் மலையேற்றத்தில் கார் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

இழுத்து வந்த பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“சார், இந்தத் திருகாணி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?”

“ஒவ்வொரு தடவையும் கால் சுத்துதான். எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்.”

“எழுதி வெச்சா ஜுரம் விட்டுடுமா?”

பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஓர் அழுத்தமானியை மாட்டினார். முள் ஏழில் போய் நின்றது.

“ஏழு பவுண்டு. இந்தக் கார்புரேட்டருக்கு மூணு போதும் சார். உள்ள ஒரு மிதவை இருக்கு. பெட்ரோல் நிறைஞ்சதும் மேல வந்து ஊசியால வழியை அடைக்கும். கக்கூஸ் தொட்டியில இருக்கறது மாதிரிதான். ஏழு பவுண்டுல தள்ளினா அது பாவம் என்ன செய்யும்? அடைக்க முடியாம வழிய விட்டுடுது.”

முப்பத்தோரு வருடம் அழுத்தமானி பார்த்தவர் தசமம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது.

“அழுத்தத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் போட்டுடறேன். அது அரை மணி வேலை. ஆனா நீங்க பண்ணின வைத்தியத்தை எல்லாம் திருப்பி எடுக்கணும். கூடுதலா வந்த பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் குறைச்சு வெச்சிருக்கீங்க. இனிமே அளவா வந்தா வண்டி பட்டினி கிடக்கும். பழைய அளவு ஜெட் வெளியூர்லேர்ந்து வரணும். பத்து நாள் ஆகும்.”

“அக்கா மாசக் கடைசியில கிளம்பறாளே.”

“அப்ப பஸ்ல போயிட்டு வாங்க. வண்டி எங்கேயும் ஓடிடாது. இத்தனை நாளா ஓடலையே!”

தசமமும் சிரித்தார். ஆனால் பஸ் ஏறவில்லை. காரிலேயே வருகிறேன் என்று அக்காவுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார்.

ஜெட் வந்ததும் முதலில் மூன்று பவுண்டு அழுத்தம். அதற்குப் பிறகுதான் மிதவை, ஜெட், கடைசியில் திருகாணி. மார்ச் 28 அன்று கார் ஒரு தும்மல்கூடப் போடாமல் மலையேறி இறங்கியது. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். பக்கத்து வீட்டு அம்மாள்தான் எட்டிப் பார்த்தாள்.

“தம்பியா நீங்க? அடடா, நேத்துக் காலையிலதானே கிளம்பினாங்க! டிக்கெட் முன்னாடியே கிடைச்சுதுன்னு மகன் கூட்டிட்டுப் போயிட்டார்.”

“ஏதாவது சொன்னாளா?”

“‘பிடிவாதக்காரன், கார்லதான் வருவான்’னு சிரிச்சாங்க. ரெண்டு நாளா வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க.”

பூட்டிய கதவுக்கு முன்னால் எஞ்சின் புகையில்லாமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. தசமம் கை நீட்டி அதை நிறுத்தினார். அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினார். பக்கத்து இருக்கை காலியாகப் போயிற்று, காலியாகவே வந்தது.

அக்கா அங்கிருந்து எழுதினாள். “இங்க காது கேக்காததே நல்லது, கேட்டாலும் ஒண்ணும் புரியப் போறதில்லை” என்றாள். தசமம் ஒவ்வொரு கடிதத்துக்கும் அன்றே பதில் போட்டார். பஸ்ஸைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, அம்மா போயிட்டாங்க.” அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தசமத்துக்குத் தெரியவில்லை. பட்டறைக்குப் போய்ச் சொன்னார். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அவரை உட்கார வைத்தார்.

அக்கா தன் கையால் எழுதித் தபாலில் போட்டிருந்த கடைசிக் கடிதம் அதன் பிறகுதான் வந்து சேர்ந்தது. செலவுக் கணக்கின் கீழே அவர் குறித்தார்: நவம்பர் 14. அக்கா கடிதம் வந்தது, பதில் போடவில்லை.