ஓவன் சாரின் சார்ட்டில் நான் அடித்த பச்சை

டெலக்ஸ் ஆப்பரேட்டர் என்பவன் அடுத்தவர் செய்தியை அவருக்கு முன்னால் படித்துவிடுகிறவன். படித்ததை மறந்துவிட்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவன் வேலை. இதில் முதல் பாதி எனக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. எழுபதுகளின் நடுவில் துபாய் தேரா பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனி ஆபீசில் கடல் கடந்து வரும் செய்தியைத் தாளில் தானே அடித்துத் தள்ளும் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். டெலக்ஸ், டைப்ரைட்டர், ஸ்விட்ச்போர்டு என்று எதன் முன்னாலாவது உட்கார்ந்து முதுகு கூனியவர்கள் இதைப் படிக்கலாம். "நீ மட்டுமாப்பா செஞ்சே" என்று எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், நீங்கள் செய்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், போதும்.

திங்கட்கிழமை வால்

எங்கள் ப்ராஜெக்ட் இன்ஜினியர் பெயர் ஓவன். ஐம்பதை நெருங்கியவர், வெயிலில் வெந்து செங்கல் நிறத்துக்கு வந்துவிட்ட முகம். திங்கட்கிழமை லண்டன் ஆபீசிலிருந்து வரும் டெலக்ஸில் சிமெண்ட், கம்பி, கப்பல் சமாச்சாரம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் நாலு வரி வால் ஒன்று இருக்கும். அது ஃபுட்பால். லண்டனில் மெஷின் முன்னால் இருந்த பாட் என்ற பெண்ணும் ஓவன் சாரும் ஒரே ஊர். அந்த ஊரிலிருந்து மூன்று பையன்கள் இங்கிலாந்தில் வெவ்வேறு கிளப்புகளில் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் ஓவன் சாருடைய மகன் கரத், பதினேழு வயது. பாட் ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு மூவரையும் விசாரித்து அந்த வாலை ஒட்டி அனுப்புவாள். ஆபீஸ் ஃபைலில் ஃபுட்பால் இருக்கக் கூடாது. அதனால் நான் அதை மட்டும் கத்தரித்து, தனித் தாளில் சுத்தமாக டைப் அடித்து அவர் மேஜையில் வைப்பேன். இந்த "சுத்தமாக டைப் அடித்து" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சார், நீங்க இங்கிலீஷ்காரங்க எல்லாருமே ஃபுட்பால் பைத்தியமா?" என்று வாயைக் கொடுத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் வேல்ஸ்காரர் என்பதைப் பத்து நிமிஷம் விளக்கினார். எனக்கு மண்டையில் ஏறவில்லை என்று தெரிந்ததும் கடைசியாகக் கேட்டார்: "ஸ்ரீனி, தெருவில் எல்லோரும் உன்னை பம்பாய்க்காரன் என்கிறார்களே, உனக்கு எப்படி இருக்கிறது?"

சுவரில் இரண்டு சார்ட்

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இரண்டு சார்ட் இருக்கும். ஒன்று துறைமுகத்துக்குப் பின்னால் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கிடங்குகளின் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டுவது. இன்னொன்று அந்த மூன்று பையன்களுடையது. கரத், டேவிட், ஹியூ என்று மூன்று வரி, வாரத்துக்கு ஒரு கட்டம். ஆடியிருந்தால் பச்சை, ஆடாவிட்டால் சிவப்பு, கோல் போட்டால் பச்சைக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. கட்டத்துக்குக் கலர் அடிக்கிற உத்தியோகமும் எனக்குத்தான். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு!

அவருக்கு மனைவி இல்லை, இறந்துவிட்டார். பையன் கிளப் காட்டிய ஒரு வீட்டில் தங்கியிருந்தான், கடிதம் எழுதும் பழக்கம் கிடையாது. ஓவன் சாருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து இருமியே செத்தவராம். பையன் அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது, அவன் காலில் ஆட்டம் இருக்கிறது, அவன் மேலே வந்துவிடுவான் என்பதுதான் மனுஷருக்கு இந்த மணலில் இருந்த ஒரே நினைப்பு. ஹியூவுக்கு ஒரு தடவை முழங்கால் போய்விட்டது. சிவப்பு அடிக்க எனக்குக் கை வரவில்லை, வெறுமனே விட்டிருந்தேன். ஓவன் சார் பார்த்துவிட்டார். தானே சிவப்பை அடித்தார், அன்றைக்கே ஹியூவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினார், பிறகு என்னிடம் சொன்னார்: "சைட்டில் தாமதத்தை மறைத்துக் காட்டுகிற சார்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? இதுவும் அப்படித்தான்."

முத்தையா அண்ணனுக்கு வந்த தந்தி

முத்தையா அண்ணன் பரமக்குடிப் பக்கத்துக்காரர், சைட்டில் தச்சு ஃபோர்மன். நாற்பது வயது. வெள்ளிக்கிழமை கேம்ப் வாசலில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு பந்து உதைப்பார்கள், இரண்டு பீப்பாய்க்கு நடுவில் அண்ணன்தான் கோல்கீப்பர். ஓவன் சாரும் அரை டவுசரோடு வந்து "யல்லா முத்து, யல்லா!" என்று அரபியில் உசுப்பேற்றிக் கத்துவார். ஃபுட்பால் வால் வருகிற திங்கட்கிழமையெல்லாம் அண்ணன் ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "நம்ம பையன் ஆடினானா சார்?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அவருடைய அப்பா இறந்த தந்தி என் கைக்குத்தான் வந்தது. அந்த வாரமும் அடுத்த வாரமும் பெரிய ஸ்லாப் கான்க்ரீட், அண்ணன் இல்லாமல் அதைத் தாங்கும் பலகை நிற்காது. லீவு கேட்டாலும் கிடைக்காது. கேம்ப்பில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. துக்கச் செய்தி வந்தால் ரூமில் எல்லோருக்கும் சொல்வார்கள், உரியவனுக்கு மட்டும் நேரம் பார்த்துச் சொல்வார்கள். நானும் அப்படியே செய்தேன். பதினொரு நாள் கழித்து, கான்க்ரீட் முடிந்த பிறகு தந்தியைக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நல்லதுதான் சார் செஞ்சீங்க, மேலே நிக்கிறப்போ கேட்டிருந்தா விழுந்திருப்பேன்."

முதல் பச்சை

அதிலிருந்து எனக்குத் தலைக்கனம். கெட்ட செய்தியை எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவன் இந்த ஆபீசில் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை வால் வந்தது: "கரத்தை எடுக்கவில்லை." அன்று காலையில்தான் கன்சல்டன்ட் ஒருவன் ஓவன் சாரை எல்லோர் முன்னாலும் தாறுமாறாகப் பேசிவிட்டுப் போயிருந்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தனித் தாளில் சுத்தமாக டைப் அடித்தேன்: "கரத் ரிசர்வ் அணியில் நன்றாக ஆடினான்." கட்டத்துக்குப் பச்சையும் அடித்தேன்.

அடுத்த வாரமும் எடுக்கவில்லை, அதற்கு அடுத்த வாரமும் எடுக்கவில்லை. நான் என்ன செய்ய? ஒரு பச்சைக்குப் பக்கத்தில் திடீரென்று சிவப்பு வந்தால் கேட்கமாட்டாரா? ஆறு வாரம் ஓட்டினேன். நாலாவது வாரம் பச்சை அடித்து எனக்கே சலித்துப்போய், கரத்துக்கு ஒரு கோல் போட்டுக் கொடுத்தேன். கறுப்புப் புள்ளி வைக்கும்போது கை நடுங்கியது என்று சொன்னால் பொய். சந்தோஷமாகத்தான் வைத்தேன். ஓவன் சார் பையனுக்குப் பாராட்டிக் கடிதம் எழுதித் தபாலில் போட்டார், சைட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். முத்தையா அண்ணன் கையில் கிளாஸோடு ஜன்னலுக்கு வந்து சொன்னார்: "நம்ம பையன் கோல் போட்டானாமே சார், பெரியவர் இன்னைக்கு ஒருத்தனையும் திட்டலை!"

பதில் கேட்டு வந்தது

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை வால் நீளமாக வந்தது. என்னால் அதை மறக்க முடியாது. "கரத்தை இனி வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று கிளப்பில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள், மாமா வரச் சொல்கிறார். சின்ன கிளப் ஏதாவது ஒன்றில் போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா, சுரங்கத்துக்குப் போகட்டுமா என்று அப்பாவைக் கேட்கிறான். வியாழனுக்குள் பதில் வேண்டும்."

வியாழக்கிழமை எங்களுக்குக் கிளையண்ட் இன்ஸ்பெக்ஷன். இரண்டு வருஷ வேலையைக் காட்டும் நாள். நான் தாளை மடித்து டிராயரில் வைத்தேன். இன்ஸ்பெக்ஷன் முடிந்த கையோடு கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். புதன்கிழமை மெஷின் மணி அடித்தது. "பையன் இரண்டு தடவை போன் செய்துவிட்டான், பதில் உண்டா?" நான் பதில் அடித்தேன்: "ஓவன் சைட்டில் பிஸி. பிறகு." அந்த நாலு வார்த்தையை அடித்த விரல் இதுதான், இன்னும் என் கையில்தான் இருக்கிறது. வியாழன் இன்ஸ்பெக்ஷன் முடிந்து ஓவன் சார் கிளையண்டோடு அபுதாபி போய்விட்டார். வெள்ளி லீவு. சனியும் ஞாயிறும் அவர் எதிரிலேயே இருந்தார், எனக்குத்தான் வாய் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை பாட் அனுப்பியது இவ்வளவுதான்: "கரத் இன்று சுரங்கத்தில் சேர்ந்துவிட்டான். தான் போடாத கோலை அப்பா கடிதத்தில் பாராட்டியிருக்கிறார், கிண்டல் செய்கிறார் போலிருக்கிறது, இனிமேல் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்."

சிவப்புப் பென்சில்

பிப்ரவரியிலிருந்து டிராயரில் மறைத்து வைத்திருந்த எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தேன். "சார், நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து, எங்கே முடித்தேன் என்று தெரியவில்லை. திட்டுவார், அடிப்பார், பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து ஊருக்குப் போகச் சொல்வார் என்று நின்றேன். அவர் ஒவ்வொரு தாளாகப் படித்தார். எழுந்து சிவப்புப் பென்சிலை எடுத்து சார்ட் பக்கம் திரும்பினார்.

"பிப்ரவரி, கடைசி வாரம்?" என்றார். "எடுக்கலை சார்" என்றேன். என் பச்சை மேல் சிவப்பு அடித்தார். "அடுத்த வாரம்?" என்றார். ஆறு கட்டத்துக்கும் நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கறுப்புப் புள்ளி வைத்த கட்டம் வந்தபோது "கோலும் இல்லை சார்" என்றேன், அவர் அந்தப் புள்ளி மேலும் சிவப்பு அடித்தார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. பச்சை மேல் சிவப்பு ஏறினால் என்ன கலர் வரும் தெரியுமா? சேற்றுக் கலர். பென்சிலை வைத்துவிட்டு, சத்தமே போடாமல் சொன்னார்: "அவன் கேள்வி கேட்டது என்னை, ஸ்ரீனி. பதில் சொன்னது நீ."

கேம்ப்பில்

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு திங்கட்கிழமை அவரே வந்து மெஷின் பக்கத்தில் நிற்பார், தாள் வெளியே வர வர அங்கேயே படிப்பார். அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போய்விட்டு வந்தார். நானாகக் கேட்கவில்லை. பையன் சுரங்கத்திலேயே இருந்துவிட்டான், சனிக்கிழமை ஊர் அணிக்கு ஆடுகிறான் என்று பாட் மூலம் தெரிந்தது. சார்ட்டில் டேவிட்டும் ஹியூவும் இருந்தார்கள், முதல் வரியில் பெயர் மட்டும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மனசு தாங்காமல் கேம்ப்புக்குப் போய் முத்தையா அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவராவது என் பக்கம் பேசுவார் என்ற நப்பாசை. "உங்களுக்குச் செஞ்ச மாதிரிதானே அண்ணே அவருக்கும் செஞ்சேன்? நீங்க நல்லதுன்னு சொன்னீங்களே" என்றேன். அண்ணன் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஊருக்கு எனக்காக லெட்டர் எழுதித் தர்றவர் நீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா வேற என்ன சார் சொல்றது?" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கப்பன் செத்துக் கிடக்கான், நான் ரெண்டு வெள்ளிக்கிழமை கறி தின்னுட்டு இங்க சிரிச்சு சிரிச்சுப் பந்து பிடிச்சுக்கிட்டு இருந்தேன் சார், ரூம்ல அத்தனை பேரும் தெரிஞ்சே என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தானுங்க."

ஆக, டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கிய எனக்கு, வந்ததை வந்தபடி கொண்டுபோய்க் கொடுக்கக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் ஒருவருடைய மகனும் இன்னொருவருடைய அப்பாவும் தேவைப்பட்டார்கள்.