நான் தேங்காய் பன்னாக இருந்த நான்கு நாட்கள்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை. நாள் தவறாமல் இன்சுலின் போட்டால்தான் உயிர் நிற்கும் வகை. இப்போது அவளுக்குப் பத்தொன்பது. பெருமாநல்லூரில் நான் செக்கிங் வேலை செய்யும் பனியன் கம்பெனியிலேயே, ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள்.

செக்கிங் என்றால், தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் உள்புறம் திருப்பிப் பார்த்து, ஓட்டை, அழுக்கு, தையல் விட்ட இடம் எதைக் கண்டாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபது வருடமாக இதையே செய்கிறவளுக்கு நல்ல பீஸைக் கொடுத்தாலும் முதலில் சந்தேகம்தான் வரும். மனிதர்களிடம் வாய் திறந்து கேட்கத்தான் எனக்கு வராது.

ஆறு மாதமாக மகள் போனைப் பார்த்துச் சிரிப்பதும், நான் பக்கத்தில் போனால் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"என்னை மாதிரி சீக்கு இருக்கறவங்க சேந்து ஒரு குரூப்பும்மா."

"யாரு நடத்தறாங்க?"

"அங்க யாருக்கும் பேரே கெடையாது. சாப்பிடக் கூடாதுன்னு ஊரே சொல்ற பண்டத்தோட பேருதான். நான் ஜாங்கிரி."

பெயரைச் சொல்லாதவர்கள் கூடும் இடம் நல்ல இடமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போனபோது போன் மின்னியது. அல்வா என்ற பெயரில் ஒரு செய்தி. "நாளைக்கும் அதே மாதிரி பண்ணாத. உங்கம்மாகிட்ட எப்பத்தான் சொல்லப் போற?"

அல்வா ஆணா, பெண்ணா? என் மகள் எதைச் செய்கிறாள்? நேராகக் கேட்டால் போனையே பூட்டிவிடுவாள் என்று பயந்தேன். குரூப்பின் லிங்கை அவள் போனிலிருந்து என் போனுக்கு அனுப்பி, அனுப்பிய தடத்தையும் அழித்தேன். அதில் யார் நம்பரும் யாருக்கும் தெரியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

சேர்வதற்கு மூன்று கேள்வி கேட்டார்கள். பெயர், எத்தனை வருடமாக நோய், எது ரொம்பக் கஷ்டம். தேங்காய் பன், ஏழு வருசம், ஊசி ரொம்ப வலிக்குதுங்க என்று எழுதினேன்.

உள்ளே ஒரு பிள்ளை, ஹாஸ்டலில் தான் தின்னும் பிஸ்கட்டை எல்லோரும் எண்ணுகிறார்கள் என்று எழுதியிருந்தது. இன்னொன்று, "எங்க சித்தப்பா பாகக்காய் ஜூஸோட வந்துட்டாரு, காப்பாத்துங்க" என்றது. எல்லோரும் சிரித்துத் தள்ளினார்கள். நான் சிரிக்கவில்லை. ஜாங்கிரி எழுதியதில் ஒன்றும் பிடிபடாததால், அல்வா எழுதுவதை மட்டும் வரிவரியாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பிசிறும் தட்டுப்படவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது.

நான்காம் நாள் காலை, சொந்தக்காரர்களுக்கு அனுப்பும் பழக்கத்தில், ரோஜாப்பூவோடு இனிய காலை வணக்கம் படத்தை அங்கேயும் அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அல்வா தனியாகக் கேட்டது.

"ஏனுங்க, நீங்க யாரோட அம்மா?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ரோசாப்பூ ஒண்ணு. அப்புறம், ஊசி வலிக்குதுன்னு எங்கள்ல யாரும் எழுத மாட்டோங்க. அது பெத்தவங்களுக்கு வலிக்கறது. ஊசி போடறப்ப நாலு பேரு பாக்கறதுதான் எங்களுக்குக் கஷ்டம்."

"ஜாங்கிரி என்ன பண்றா? அதை மட்டும் சொல்லுங்க."

"அவகிட்டயே கேளுங்க. வேவு பாத்ததையும் இன்னைக்கே நீங்களே சொல்லிருங்க. பெத்தவங்க உள்ள இருந்தா இங்க ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க."

அத்தோடு என்னை நீக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மகளிடம் சொன்னேன்.

"தேங்கா பன்னு நீயா!" என்று சிரித்தவள் முகம் உடனே மாறியது. "நாலு நாளா நான் எழுதினதெல்லாம் படிச்சியா?"

"தப்புத்தான் சாமி. நீ என்ன பண்ற? அதைச் சொல்லு."

"மத்தியான ஊசி போடறதில்ல. வாரத்துல பாதி நாளு."

"ஏன் கண்ணு?"

"நீதான சொன்ன, கம்பெனில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுக்குப் போயிரும்னு. பாத்ரூம்ல போய் போட்டுக்கச் சொன்ன. அங்க வெளிய நிக்கறவங்க கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. நான் எப்பிடிப் போடறது?"

போன மாதம் அவள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்ததையும், கண் சொருகி உட்கார முடியாமல் பாதியில் வீடு திரும்பியதையும் வெயில் என்று நம்பியிருந்தேன். பாத்ரூமில் போட்டுக்கொள் என்று சொன்னது நான்தான். யோசித்துச் சொன்னதாகவே நினைத்திருந்தேன்.

அல்வா யார் என்று மகள் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆள்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டிபனைத் திறக்கும் முன் இன்சுலின் பேனாவை எடுத்தாள். சுடிதார் கையை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். எதிரில் இருந்த பேக்கிங் அக்கா, "என்ன பாப்பா அது?" என்றாள்.

"சர்க்கரைங்கக்கா, சின்னதுலிருந்தே. ஊசி போட்டுட்டுத்தான் அவ சாப்பிடோணும்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அட, இத்தனை நாளா வாயே தொறக்கலையே நீ!"

அதை அந்த அக்கா யாரிடம் போய்ச் சொல்வாளோ என்று அவளையே கவனித்துக்கொண்டிருந்தேன். மகள் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.