பலகையில் முப்பத்தெட்டு டோக்கன்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று அந்தப் போனை எடுத்த கை என்னுடையது. எனக்கு அது போதும்.

செப்புச் சுரங்கத்தின் வாசலில் இருக்கும் விளக்கு அறையில் எனக்கு வேலை. உள்ளே இறங்குபவர் தலைவிளக்கை வாங்கிக்கொண்டு, தன் எண் போட்ட டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துப் போவார். ஏறி வந்ததும் விளக்கைச் சார்ஜில் போட்டு, டோக்கனை மாட்டுவார். பலகை நிறைந்ததும் நான் வெடி மேஸ்திரியிடம் "எல்லாரும் மேல" என்பேன். அதற்குப் பிறகுதான் பாறையை வெடிப்பார்கள்.

கூட்டத்தில் சிலர் கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்து மாட்டிவிடுவார்கள். "பின்னாலயே வர்றான்க்கா" என்பார்கள். தடுத்தால் சண்டை. கண்டும் காணாமல் இருப்பது எனக்கும் பழகிவிட்டிருந்தது.

அன்று பகல் 1.52. பலகையில் முப்பத்தெட்டும் இருந்தன. வெடி மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஏறியாச்சா? பசி காதை அடைக்குது."

"ஏறியாச்சுண்ணே. எல்லாரும் மேல."

"சரி, ரெண்டு மணிக்குப் போட்டுர்றேன்."

1.54. சுவர்ப் போன் அடித்தது. சுரங்கத்துக்குள்ளிருந்து மட்டுமே வரும் போன்.

எடுத்தேன். நீர் சொட்டும் சத்தம். டக்... டக்... பிறகு ஒரு மூச்சு. இல்லை, பல மூச்சுகள்.

"மூணாம் தளம். ஒருத்தன் இருக்கான்."

"யாரு பேசுறது?"

"பலகையப் பாக்காத. விளக்க எண்ணு."

எண்ணினேன். முப்பத்தேழு.

மறுபடி எண்ணினேன். பதினேழாம் இடம் காலி.

பதினேழாம் டோக்கன் பலகையில் இருந்தது.

1.57. வெடி மேஸ்திரியிடம் ஓடினேன்.

"அண்ணே, வெடிக்காதீங்க!"

"விளையாடுறியா? இப்பத்தானே..."

"ஆள் இருக்கு! என் வேலை போனாலும் பரவால்ல!"

பதினேழாம் எண்காரன் மூன்றாம் தளத்தில்தான் கிடந்தான். கால்மேல் பாறை. உயிர் இருந்தது.

மூன்றாம் தளத்திலிருந்து போன் வந்ததை அன்று மாலை சுரங்க எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். வெறித்துப் பார்த்தார்.

"அங்க ஏதும்மா போன்? ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி, ஆள் இருக்கறது தெரியாம வெடிச்சு ஆறு பேர் போனாங்க. அப்பவே ஒயரைப் பிடுங்கியாச்சு."

"அன்னிக்கு விளக்கு அறையில யாரு?"

"ஒருத்தர் இருந்தார். எல்லாரும் மேலன்னு சொன்னவர். அந்த வாரமே காணாமப் போனார். தேடாத இடமில்ல."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் கட்டோடு பதினேழாம் எண்காரன் சிரித்தான்.

"நீயாப்பா போன் பண்ணினே?"

"நான் எங்கக்கா... அசையவே முடியல. கூட உக்காந்திருந்தவங்க பண்ணியிருப்பாங்க."

"யாரு?"

"முகம் தெரியல. ஆறு விளக்கு தெரிஞ்சுது."

ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"மேல யாரு இருக்கான்னு கேட்டாங்கக்கா. உங்க பேரைச் சொன்னேன். வீடு எங்கன்னு கேட்டாங்க..."

"நீ..."

"தன்மையாத்தான் கேட்டாங்க. சொல்லிட்டேன்."